கழியும்

தன்னம்பிக்கை என்பது ஒரு வயிற்றுக்கோளாறு. உலகத்தில் இதைக் கண்டுபிடித்த முதல் ஆள் நான்தான். மட்டாஞ்சேரியில் பிறந்து, வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் மலையாளமுமாக வளர்ந்து, இரண்டிலும் தேறாமல் போன ஒருவனுக்கு மட்டுமே இது பிடிபடும். ஆகவே பெருமை முழுவதையும் நானே எடுத்துக்கொள்ள மாட்டேன். கல்வித் துறைக்கும் பங்கு உண்டு.

ஆதாரம் கேட்பீர்கள். மலையாளத்தில் 'எனிக்கு கழியும்' என்றால் 'என்னால் முடியும்' என்று பொருள். அதையே லேசாகத் தமிழாக்கி, 'எனக்குக் கழியும்' என்று என் அம்மா பிறந்த சங்கரன்கோவில் பக்கம் போய்ச் சொல்லிப் பாருங்கள். யாரும் கை தட்ட மாட்டார்கள். ஓமத்தண்ணி காய்ச்சிக் கொடுப்பார்கள்.

இந்த ஆராய்ச்சி நடந்தது எங்கள் சந்தில். ஆராயப்பட்டவள் என் அம்மா, இசக்கிசெல்வி.

அப்பா பாண்டியராஜ் பெட்டி ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். பஜார் ரோட்டுக் குடோன்களில் சுக்கும் மிளகும் அரிசியும் ஏற்றிக்கொண்டு போய் எர்ணாகுளத்துக் கடைகளில் இறக்குவார். போன மழைக்காலத்தில் ஒரு காலை, சாயா கிளாஸ் அவருடைய இடது கையிலிருந்து நழுவி விழுந்தது. கையும் கூடவே நழுவிவிட்டது என்பது ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. பேச்சு திரும்பி வந்தது, நடை திரும்பி வந்தது, இடது கை மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. ஆட்டோவில் கிளட்சும் கியரும் இடது கைப் பிடியில்தான் இருக்கின்றன. வண்டி செய்தவனுக்கு எங்கள் வீட்டு நிலவரம் தெரிந்திருக்க நியாயமில்லை.

வண்டி வாசலிலேயே நின்றது. பூனை ஒன்று அதில் குடியேறியது. ஏற்கெனவே குடோன்கள் ஒவ்வொன்றாகச் சாத்தி, ஒன்று கஃபே ஆகி, இன்னொன்று ஓவியக் கண்காட்சி ஆகிக்கொண்டிருந்த நேரம். இருக்கிற லோடாவது நம் வண்டிக்கு வந்தால்தான் உண்டு.

அப்பாவோடு ஒரே ஸ்டாண்டில் ஓட்டிய யூசுப் இக்கா வந்து, தன் மருமகனுக்காக வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நியாயமான மனுஷர். பேரம் பேசவில்லை, அனுதாபமும் பேசவில்லை. அப்பா சரி என்று சொல்ல வாயெடுத்த நேரத்தில் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"நான் ஓட்டுதேன்."

குக்கர் வாய் திறந்து பேசியதுபோல நாங்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். அம்மா அதுவரை சைக்கிள்கூட மிதித்ததில்லை. பஸ்ஸில் டிரைவர் பக்கத்து சீட் காலியாக இருந்தால்கூட, எதற்கு வம்பு என்று பின்னால் போய் உட்காருகிற ஆள்.

நீ ஓட்டலாமே என்று என்னைக் கேட்பீர்கள். நானும் அதை வீட்டில் கேட்டேன். ரொம்ப மெதுவாக, யார் காதிலும் விழுந்துவிடாதபடி கேட்டேன். அப்படியும் அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. கடைசி வருஷப் பரீட்சையை முடிக்காமல் கைப்பிடியைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவதாகச் சொன்னாள். வீட்டில் ஏற்கெனவே ஒரு கை குறைவாக இருந்ததால் நான் வற்புறுத்தவில்லை.

முடிவானது இதுதான்: அம்மா லைசென்ஸ் டெஸ்டில் பாஸானால் வண்டி எங்கள் வாசலில் நிற்கும். தோற்றால் அன்று சாயங்காலமே யூசுப் இக்கா எடுத்துக்கொண்டு போவார். அதற்கு மேல் நிறுத்தி வைத்தால் வண்டி தகரமாகிவிடும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் யூசுப் இக்காதான். அவள் தோற்றால் லாபம் பார்க்கப் போகிற ஆள், அவள் ஜெயிக்க வேண்டும் என்று தினமும் சாயங்காலம் படகு ஜெட்டிப் பக்கத்துக் காலி இடத்தில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். மட்டாஞ்சேரியில் வியாபாரம் ஏன் தேய்ந்துவிட்டது என்று கருத்தரங்கம் நடத்துகிறவர்கள் இவரை வந்து பார்க்கலாம்.

அம்மா ஓட்டிய விதம் தனி. எங்கள் பக்கத்தில் ஆடுகள் ரோட்டைச் சொந்த வீடுபோல வைத்திருக்கும். மற்ற டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அம்மா வண்டியை நிறுத்தி, ஆட்டைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளிக்கோம்மா" என்பாள். ஆடு தள்ளாது. யூசுப் இக்கா இறங்கிப் போய்த் தள்ளுவார்.

இந்த நிலைமையில்தான் எங்கள் தெருப் பெண்கள் கூட்டத்துக்கு ஸுப்ரியா மேடம் என்ற தன்னம்பிக்கைப் பயிற்சியாளர் வந்து சேர்ந்தார். கன்னத்தோடு ஒட்டிய மைக், பளபளவென்று காட்டன் புடவை. காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று, கண்ணோடு கண் பார்த்து, 'எனிக்கு கழியும்' என்று மூன்று முறை சொல்லுங்கள், உங்கள் வாழ்க்கை மாறிவிடும் என்று சொல்லிவிட்டு, தன் வாழ்க்கையைப் பார்க்கப் போய்விட்டார்.

எங்கள் வீட்டுக் கண்ணாடி அப்பாவின் உயரத்துக்கு மாட்டியது. அதில் அம்மாவுக்கு நெற்றி மட்டும்தான் தெரியும். நெற்றியோடு பேச முடியாது என்பதால் வாசலுக்கு வந்து, வண்டியின் சைடு கண்ணாடியில் குனிந்து முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். சந்து முழுக்கக் கேட்கும்.

"எனக்குக் கழியும். எனக்குக் கழியும். எனக்குக் கழியும்."

பூனை எழுந்து போய்விடும். நான் பல் தேய்த்துக்கொண்டே, கக்கூஸ் காலியாத்தான் இருக்கு போ, என்பேன். கல்லூரி வாட்ஸப் குழுவில் 'தன்னம்பிக்கை: காரணங்களும் மருந்துகளும்' என்று மலையாளத்தில் ஒரு கட்டுரையே போட்டேன். கண்ணாடியைப் பார்த்துப் பேசுகிறவர்களில் குருவிக்கு மட்டும்தான் மன்னிப்பு உண்டு, அதற்கு அது வேறு குருவி என்று நினைப்பு, மனுஷருக்கு என்ன கேடு, என்று எழுதினேன். நல்ல வரவேற்பு. வீட்டிலும் விடவில்லை. சோறு கேட்கும்போது குனிந்து, சோற்றுத்தட்டில் முகம் பார்த்து, எனக்குக் கழியும் என்பேன். அம்மா கரண்டியைத் திருப்பிப் பிடித்து முதுகில் ஒன்று வைப்பாள். கோபம் எல்லாம் இல்லை. ஒரு நாளும் சொல்வதை நிறுத்தவும் இல்லை.

அப்பா மட்டும் சிரிக்க மாட்டார். அம்மா வாசலில் அதைச் சொல்லும் நேரத்தில் அவர் கட்டிலில் உட்கார்ந்து, டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தை இடது கைக்குள் வைத்து, விரல்களை மூடப் பார்த்துக்கொண்டிருப்பார். பந்து விழும். நான் எடுத்துக் கொடுப்பேன். அந்த விஷயத்தில் எனக்கு நக்கல் ஒன்றும் தோன்றியதில்லை. முயற்சி செய்யவும் இல்லை.

டெஸ்ட் அன்று எல்லோரும் பெட்டி ஆட்டோவிலேயே போனோம். அம்மா ஓட்ட, பக்கத்தில் யூசுப் இக்கா ஒட்டி உட்கார, பின்னால் பெட்டிக்குள் நானும் அப்பாவும் சுக்கு வாசனையோடு. மைதானத்தில் கம்பிகள் நட்டு வைத்திருந்தார்கள். கம்பியைத் தொடாமல் முன்னால் போய், தொடாமல் பின்னால் வர வேண்டும். அதில் தேறினால் இன்ஸ்பெக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரோட்டில் ஒரு சுற்று. கூட வந்த ஆட்களை வெளியே கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில்தான், பேசுவது கேட்கும்.

இன்ஸ்பெக்டர் பெயர் லக்ஷ்மிநாராயணன். திருப்பூணித்துறைக்காரர். தெருவில் மலையாளமும் வீட்டுக்குள் தமிழும் பேசும் குடும்பம் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அதுவரை வந்தவர்களிடமெல்லாம் மலையாளத்தில் உறுமிக்கொண்டிருந்தவர், கையிலிருந்த காகிதத்தில் இசக்கிசெல்வி என்ற பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பெரிய மனசு பண்ணித் தமிழுக்கு வந்தார்.

"பயப்படாதேங்கோ. நிதானமா பண்ணினாப் போறும். முடியுமோல்லியோ?"

அம்மாவும் மரியாதை தெரிந்தவள். கேரள அரசாங்க அதிகாரிக்குத் தமிழில் பதில் சொல்வது சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. மலையாளத்தில் சொன்னாள். அதாவது, அவளுடைய மலையாளத்தில்.

"எனக்குக் கழியும் சார்."

மலர்ந்த முகம் கவலையானது. சார் குரலைத் தாழ்த்தினார்.

"இப்பவேயா?"

"இப்பவே கழியும் சார்" என்றாள் அம்மா, இத்தனை நாள் கண்ணாடிப் பயிற்சியின் முழு பலத்தோடு.

அவர் பதறிப்போய், மைதானத்துக்குப் பின்னால் இருந்த கட்டடத்தைக் கை காட்டி, ஓடுங்கோ ஓடுங்கோ, அவசரமில்லை, என்றார். அம்மா இதுவும் டெஸ்டில் ஒரு பகுதி என்று நினைத்து வேகமாக நடந்தாள். கட்டடத்தின் வாசலில் நின்ற பெண் அவளைப் பார்த்ததும் ஒரு வாளியைக் கொடுத்தாள். அரசாங்க இடத்தில் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று வாளியை வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அதைப் பிடித்தபடி நின்றாள். பிறகு வாளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தபோது, அவளுடைய முறை போயிருந்தது. சார் மிகுந்த கனிவோடு, உட்காருங்கோ, கடைசியில பாத்துக்கலாம், என்று சொல்லிவிட்டு மறுபடி மலையாளத்தில் உறுமப் போய்விட்டார்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். இதைவிட நல்ல கதை இனிமேல் என் வாழ்க்கையில் கிடைக்காது. கல்லூரி முடியும்வரை தாங்கும், அதற்கப்புறமும் கல்யாண வீடுகளில் ஓடும். அம்மா பேசி முடிக்கிற இடத்தில் ஒரு சின்ன இடைவெளி விட்டு, பிறகு வாளியைக் கொண்டுவர வேண்டும் என்றுகூடத் திட்டம் போட்டுவிட்டேன்.

நேரம் போனது. வரிசையில் இருந்தவர்கள் கம்பிகளைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். கார் டெஸ்டுக்கு வந்த ஒரு கல்லூரிப் பெண் கடைசிக் கம்பியில் இடித்துவிட்டு, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதாள். அம்மா வண்டிப் பக்கத்தில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கயிற்றுக்கு அடியில் குனிந்து அவளிடம் போனேன். சிரிப்பை வாய்க்குள் தயாராக வைத்திருந்தேன்.

கிட்டத்தில் போனபோதுதான் அவள் இடது கையைப் பார்த்தேன். மடியில் சேலை முந்தானையைச் சுருட்டிப் பிடித்து, கைப்பிடியைத் திருகுவதுபோலத் திருகிக்கொண்டிருந்தாள். கிளட்ச், முதல் கியர். கிளட்ச், ரிவர்ஸ். மறுபடி முதலிலிருந்து.

"விபினு, வேண்டாம்ல" என்றாள் என்னைப் பார்க்காமல். "அவரு என்னைப் பாத்ததுமே ஒதுக்கி வச்சுட்டாரு. இவளுக்கெல்லாம் எங்க வரப் போவுதுன்னு முகத்திலயே தெரிஞ்சுட்டு போல. வண்டிய யூசுப் அண்ணங்கிட்டயே குடுத்திருவோம். உங்கப்பாட்ட நீ சொல்லிரு. எனக்குச் சொல்ல வாய் வராது."

திரும்பிப் பார்த்தேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றுகொண்டிருந்தார். வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவருக்கு இப்போது பழக்கமாகிவிட்டது. அவரிடம் போய் இதை நான் எந்த வாயால் சொல்வது என்று தெரியவில்லை.

ஆகவே அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். இடைவெளி விடவில்லை, முகத்தை இறுக்கி வைத்துக்கொள்ளவில்லை. அவர் தமிழில் கேட்டார், நீ மலையாளத்தில் சொன்னாய், அவர் அதைத் தமிழாக எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான், அவர் உன்னை ஒதுக்கவில்லை, உன் வயிற்றுக்காகப் பயந்துவிட்டார், என்று குளறிக் குளறிச் சொன்னேன். என் வாழ்க்கையிலேயே நான் மிக மோசமாகச் சொன்ன நகைச்சுவை அதுதான்.

அம்மா மைதானத்துக்குப் பின்னால் இருந்த கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தாள். 

"அதான் வாளியா?"

"அதான் வாளி."

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள். முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியதில் கல்லிலிருந்து நழுவி, வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். இப்பவேயான்னு கேட்டாரே, இப்பவேயான்னு கேட்டாரே, என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். யூசுப் இக்கா தூரத்திலிருந்து என்ன ஆச்சு என்று கையால் கேட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு முடியைச் சரிசெய்தபோது நான் அவளிடம் கேட்டேன். வீட்டில் நான் அத்தனை தடவை கிண்டல் பண்ணினேனே, அப்போதெல்லாம் நீ யோசிக்கவே இல்லையா, தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்று.

"யோசிக்காமலா" என்றாள். "எல, கழியும்னா இங்க முடியும்னு அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? உனக்கு முந்தி நான் இங்க வந்தவ. ஆனா, என்னால முடியும்னு என் மூஞ்சியப் பாத்து நானே சொல்லதுக்குக் கூச்சமா இருந்துச்சு. பொய் சொல்லுத மாதிரி. அதனால நான் நம்ம ஊரு கழியும்னே வச்சுக்கிட்டேன். பொழுது கழியும்லா, அது. இந்த மழை கழியும், உங்கப்பா கையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காருல்லா, அதுவும் கழியும். அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். அது பொய் இல்லல்லா."

முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அவருகிட்ட மட்டுந்தான் மலையாளத்துல சொன்னேன்" என்றாள். "மரியாதைக்கு."

சார் இசக்கிசெல்வி என்று கூப்பிட்டார். அம்மா எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். இப்போது எப்படி இருக்கிறது என்று அவர் விசாரித்தார். தேவலை சார், என்றாள். அவரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ஆத்துக்குப் போனதும் மோர் சாப்பிடச் சொன்னார். சரி சார், என்றாள்.

முன்னால் போனது சுலபம். பின்னால் வரும்போது வண்டி ஒரு கம்பிக்கு நேராகப் போய் நின்றது. அப்பாவின் இடது கை அவருடைய வலது கைக்குள் லேசாகத் திரும்பியது. கிளட்சைப் பிடி என்றுதான். அவர் சொல்லவில்லை, கை சொன்னது. வண்டிக்குள் அம்மா கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். ஆடு நகரட்டும் என்று காத்திருக்கும் அதே பொறுமை. பிறகு ஒரு முழம் முன்னால் எடுத்து, கைப்பிடியை வளைத்து, மறுபடி பின்னால் வந்தாள். கம்பிகள் எல்லாம் நின்ற இடத்தில் நின்றன.

யூசுப் இக்கா எங்கேயோ பார்த்துக்கொண்டு, வண்டி போயி, என்றார். வண்டி கைவிட்டுப் போச்சு என்று அர்த்தம். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் லாட்டரி அடித்தவர் என்று நினைப்பீர்கள்.

இனி ரோடு மட்டும். லக்ஷ்மிநாராயணன் சார் அம்மா பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி கேட்டைத் தாண்டியது, இடது பக்கம் திரும்பியது, ஒரு பஸ் அதை மறைத்தது, பஸ் போன பிறகு அங்கே வண்டி இல்லை. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் வந்து அதுவும் நின்றது.

ரோடு என்றால் லாரி, பள்ளம், தவறான பக்கத்திலிருந்து வருகிற பைக். கம்பி மாதிரி நின்ற இடத்தில் நிற்காத சாமான்கள். அதில் பாஸானாலும் நாளைக்குப் பஜார் ரோடு, நாளை மறுநாள் பஜார் ரோடு. குடோன் இருக்குமா, லோடு இருக்குமா, எனக்குப் பரீட்சைக்கு அப்புறம் என்ன இருக்கும், ஒன்றும் தெரியாது. இதைப் பற்றி வேடிக்கையாக ஏதாவது தோன்றுகிறதா என்று பார்த்தேன். தோன்றவில்லை.

அப்பா கயிற்றோரம் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். யூசுப் இக்கா பீடி பற்ற வைக்கப் போயிருந்தார். நான் மெல்ல நகர்ந்து, சுவரோரம் யாரோ நிறுத்தியிருந்த ஸ்கூட்டரிடம் வந்தேன். அதன் கண்ணாடி என் உயரத்துக்கு இல்லை. முழங்காலை மடக்கிக் குனிய வேண்டியிருந்தது. தலைமுடியைச் சரிசெய்கிறவன்போலக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, கண்ணோடு கண் பார்த்தேன். மேடம் சொன்ன மாதிரி.

முதல் தடவை சத்தமே வரவில்லை. இரண்டாவது தடவை உதடு அசைந்தது. மூன்றாவதுக்கு அப்புறம் எண்ணவில்லை.

கேட்டுப் பக்கம் பெட்டி ஆட்டோவின் சத்தம் கேட்டது. சார் இறங்கி, காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, போனதும் மோர், மறக்காதேங்கோ, என்று சொல்வதும் கேட்டது. யூசுப் இக்கா அப்பாவின் முதுகில் தட்டினார். அம்மா என் பெயரைச் சொல்லி, எங்கல போன, வா, சாயா குடிக்கப் போவோம், என்று கூப்பிட்டாள்.

வருகிறேன் என்று கை மட்டும் காட்டினேன். திரும்ப முடியவில்லை. வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.